பிளாட்டினத்தைத் தாங்கும் கரி

2009 அக்டோபரில் தோஷிபா நிறுவனம் ஜப்பானில் ‘டைனாரியோ’ என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்கு விட்டது. 14 மில்லி லிட்டர் மெத்தனால் ஊற்றினால் கைப்பேசியை இரண்டு தடவை சார்ஜ் செய்துகொள்ளலாம். ஆனால் தயாரித்தது 3,000 கருவிகள்தான். மெத்தனாலிலிருந்து மின்சாரம் எடுக்கும் இத்தகைய எரிபொருள் செல் அன்றாடப் பொருளாகாமல் போனதற்குக் காரணங்கள் பல. பெரிய காரணம், அதன் வினையூக்கியான பிளாட்டினம்.

பிளாட்டினத்தின் மேல் தண்ணீரோடு வினைபுரியும் ஒரு மெத்தனால் மூலக்கூறு ஆறு எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. கணக்குப்படி 1.21 வோல்ட் வர வேண்டும். கைக்குக் கிடைப்பது 0.3 முதல் 0.5 வரைதான். இடையில் உருவாகும் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தை இறுகப் பற்றிக்கொண்டு இடத்தை அடைத்துவிடுகிறது. பக்கத்தில் ருத்தீனியம் அணு இருந்தால், அது தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுத்து அந்த நச்சைக் கார்பன் டையாக்சைடாக்கி வெளியேற்றும். இந்த விளக்கத்தை 1975இல் முன்வைத்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த வதனபேயும் மோட்டூவும்.

உலோகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அதைச் சுமக்கும் கரியைக் கவனிப்பதில்லை. ஆய்வகங்களில் வழக்கமாகப் புழங்கும் வல்கன் எக்ஸ்சி-72 என்பது பார்வைக்கு வெறும் புகைக்கரி. ஒரு கிராமில் சுமார் 250 சதுர மீட்டர் பரப்பு! அதன்மேல் ஒட்டியிருக்கும் 3 நானோமீட்டர் பிளாட்டினத் துகள் ஒன்றில் ஆயிரத்துக்கும் குறைவான அணுக்களே உண்டு. ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவு தாமரை இலைத் தண்ணீர்தான். நாள்பட நாள்பட துகள்கள் நகர்ந்து, ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகின்றன; வேலை செய்யும் பரப்பு சுருங்குகிறது. 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைக்குள் விழுந்த துகளோ முழு நட்டம். அயனியைக் கடத்தும் பாலிமர் அதற்குள் நுழையாது.

கரியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் பிடிப்பு கூடும். கூடவே கரி அரிபடுவதும் கூடும். அம்மோனியா வாயுவில் சூடாக்கி நைட்ரஜன் அணுக்களை உள்ளே நுழைப்பது எனக்கு மேலான வழியாகப் படுகிறது. பிளாட்டினம் அந்த இடங்களைச் சார்ந்து நிற்கும், துகளும் சிறிதாகவே அமையும். துளைப் பிரச்சினைக்கு 1999இல் தென்கொரியாவின் ரியோங் ரியூ குழு வழி காட்டியது: நுண்துளைச் சிலிக்காவில் சர்க்கரைக் கரைசலை ஊறவைத்துக் கரியாக்கி, பிறகு சிலிக்காவைக் கரைத்தெடுப்பது. ஆம், காப்பியில் போடும் அதே சர்க்கரை! மிஞ்சும் கரியில் சில நானோமீட்டர் அகலத் துளைகள் வரிசை பிசகாமல் இருக்கும்.

புதிய வினையூக்கி இத்தனை மடங்கு மேல் என்று செய்தி வந்தால், முதல் நாள் அளவைப் பார்த்து மயங்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், அதன் பிறகு எவ்வளவு பரப்பு மிஞ்சியது என்று தேடிப் படியுங்கள்.