எரிமலைத் தீவும் கொற்றலை ஆறும்

கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவில் தனி வண்டி பேசிக்கொண்டு ஊர் சுற்றுவது இன்றைக்குப் பெரிய வியாபாரம். துறைமுகத்தில் நம் பெயரெழுதிய அட்டையோடு ஓட்டுநர் நிற்பார். நாம் சொல்கிற இடம், நாம் சொல்கிற நேரம். பலருக்கு வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் போதும். ஓயா என்ற ஊரில் சூரியன் மறைவதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் வண்டியை அக்ரோத்திரிக்கு விடச் சொல்வார்கள். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் போன நகரம் அது. மாடி வீடுகள், சுவரோவியங்கள், தானியச் சாடிகள், கழிவுநீர் வாய்க்கால் எல்லாம் கிடைத்தன. சாம்பலில் சிக்கி இறந்தவர்களின் எலும்பு மட்டும் கிடைக்கவில்லை. முன்கூட்டியே நிலம் அதிர்ந்ததும் ஊரே கிளம்பிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2025 தொடக்கத்தில் அந்தப் பகுதி நாள் கணக்கில் அதிர்ந்துகொண்டே இருந்தபோதும் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித்தான் படகும் விமானமும் ஏறினார்கள்.

மண்ணைத் தோண்டிப் பழங்காலத்தைப் படிக்கும் இதே அறிவியலைச் சென்னைக்காரருக்கு ஒரு நாள் டாக்ஸி வாடகைக்குள் காட்டக்கூடிய இடம் திருவள்ளூர் மாவட்டம். இங்கே எரிமலை கிடையாது. இந்தியாவில் இன்னும் புகைகிற ஒரே எரிமலை அந்தமானின் பாரன் தீவு. அதையும் படகிலிருந்து பார்க்கலாமே தவிர இறங்க விடமாட்டார்கள். ஆனால் சாந்தோரினியில் மண்ணுக்கு அடியில் தேடுகிற கதை 3,600 ஆண்டுக் கதை. பூண்டிக்குப் பக்கத்தில் இருப்பது 15 லட்சம் ஆண்டுக் கதை.

வழி சுலபம். கொசஸ்தலை ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். கொற்றலை என்றும் குசஸ்தலை என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். மேற்கே குடியம் மலையில் தொடங்கி கிழக்கே எண்ணூர் கழிமுகத்தில் முடிப்பதாக வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். “பூண்டி டேம்” என்றால் எல்லாருக்கும் தெரியும். “அத்திரம்பாக்கம்” என்றால் பாதிப் பேர் செல்போனை எடுப்பார்கள்.

கிளம்புமுன் இரண்டு பள்ளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் ராணுவக் குடியிருப்புக்கு அருகே சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் உண்டு என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. அதே ஆண்டு செப்டம்பர் 28-இல், உடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கம் போய்ச் சேர்ந்தார்; அங்கே கருவிகள் குவியலாகவே கிடந்தன. மூன்று ஆண்டு கழித்து, 1866-இல், சாந்தோரினியை ஒட்டிய தெரசியா தீவில் சூயஸ் கால்வாய் வேலைக்காக எரிமலைச் சாம்பலை வெட்டியெடுத்த குழியில் கல் சுவர்கள் தட்டுப்பட்டன. அந்தத் தீவுக்கூட்டத்தின் வெண்கலக் கால நாகரிகம் வெளியே வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு இடத்திலும் பள்ளம் தோண்டியவர்கள் வரலாற்றைத் தேடிப் போகவில்லை, கட்டுமானத்துக்குச் சரக்குத் தேடித்தான் போனார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வரும்போது இது வேறு மாதிரித் தெரியும்.

முதலில் குடியம். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, ஊரைத் தாண்டிக் காட்டுப் பாதையில் நடந்தால் மலைச்சரிவைக் குடைந்ததுபோல் பெரிய பாறை ஒதுக்குகள் வரும். பெயர்தான் குகை, உள்ளே நிறைய வெளிச்சம் இருக்கும். கூரையில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும், சத்தம் போடாதீர்கள். கூரையைக் கிட்டே போய்ப் பார்த்தால் கடலை மிட்டாய் மாதிரி இருக்கும்: உருண்டையான கூழாங்கற்கள், அவற்றைச் சேர்த்துப் பிடித்த செம்மண் நிறப் பாறை. டைனோசர்கள் நடமாடிய காலத்தில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன், வேகமான ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து கொட்டிய கற்கள் இவை. பெரும்பாலும் குவார்ட்சைட். உடைத்தால் கண்ணாடிச் சில்லுபோல் கூர் வரும், அவ்வளவு சீக்கிரம் மழுங்காது. கற்கால மனிதர்கள் இந்த வட்டாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கல்தான். 1960-களில் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி இந்த ஒதுக்கில் அகழ்ந்து பார்த்தார். இன்றைக்கு அம்மன் வழிபாடும் இங்கேயே நடக்கிறது.

அடுத்தது பூண்டி. நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிந்தது. அதற்காகப் பாடுபட்ட சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு. கரைக்குப் பக்கத்திலேயே மாநிலத் தொல்லியல் துறை 1985-இல் திறந்த தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. சின்னக் கட்டடம். அணையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குள் நுழைந்தாலே ஆச்சரியம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கைக்கோடரியைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உள்ளங்கையை விரித்தால் வருகிற அளவு. கீழே புடைத்து, மேலே கூம்பி, இரு பக்கமும் சமமாக. மேற்பரப்பில் சிப்பி பதிந்தாற்போன்ற குழிகள். ஒவ்வொன்றும் ஓர் அடி. எங்கே அடித்தால் எவ்வளவு பெயரும் என்று தெரிந்த கை அடித்த அடி. எந்தக் குழி எதற்குப் பிறகு விழுந்தது என்று விளிம்பைப் பார்த்தே வரிசை சொல்லிவிடுவார்கள் இந்தத் துறைக்காரர்கள்.

இனி அத்திரம்பாக்கம். நேரில் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முள்செடியும் ஓடைப் பள்ளமும் செம்மண் சரிவும்தான். ஆனால் உலகக் கற்கால ஆய்வில் இந்த ஊர்ப் பெயர் அடிபடாத ஆண்டு இல்லை. 1999 முதல் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு, பின்னர் குமார் அகிலேஷும் சேர்ந்து, இங்கே பொறுமையாகத் தோண்டினார்கள். மேலே சரளையும் செம்மண்ணும். அதற்கும் கீழே ஏடு ஏடாகப் படிந்த களிமண். பழைய புவியியலாளர்கள் அந்தக் களிமண்ணை டைனோசர் காலத்துச் சேற்றுப்பாறை சிதைந்தது என்று நினைத்திருந்தார்கள். அப்படியானால் அதில் மனிதக் கருவி இருக்க வழியே இல்லை; அதோடு தோண்டுவதை நிறுத்திவிடலாம். இவர்கள் நிறுத்தவில்லை. களிமண்ணுக்குள்ளும் கைக்கோடரிகள் வந்தன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மெதுவாக ஓடும் வெள்ளம் களிமண்ணைப் படிய வைக்கும். கூழாங்கல்லை அவ்வளவு தூரம் தூக்கி வராது. ஆக, அந்தக் களிமண்ணில் கிடக்கிற ஒவ்வொரு பெரிய கல்லும் யாரோ கையில் எடுத்து வந்தது. வேறிடத்தில் பெரிய சில்லாகப் பெயர்த்து, இங்கே கொண்டுவந்து தீட்டியிருக்கிறார்கள். கருவிகளோடு விலங்குப் பற்களும், குளம்பு அழுத்திய தடங்கள் எனக் கருதப்படும் வட்டப் பள்ளங்களும் கிடைத்தன. ஈரக் கரையில் மாடுபோன்ற விலங்குகள் இறங்கி ஏறிய இடமாக இருக்க வேண்டும்.

வயது எப்படித் தெரிந்தது? விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமியில் விழுகின்றன. வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் குவார்ட்ஸ் மணிகளில் அவை மோதினால் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். கல் ஆழத்தில் புதைந்தால் வரவு நின்று போகும். இருப்பு கரையத் தொடங்கும். அலுமினியம்-26 ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியம்-10 பாதியாக ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டு பிடிக்கும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். இதற்குத் துணையாகக் களிமண்ணின் காந்தத் திசையையும் பார்த்தார்கள். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்த ஒரு பழைய காலத்தில் அது படிந்திருந்தது. இரண்டையும் வைத்து 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவு: குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரியாக 15 லட்சம் ஆண்டு.

2018-இல் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு கட்டுரை. மேல் அடுக்குகளில் பெரிய கைக்கோடரிகள் குறைந்து சின்னச் சின்னச் சில்லுக் கருவிகள் வருகின்றன. கல்லை முதலில் ஆமையோடுபோலத் தயார் செய்து, பிறகு ஒரே அடியில் வேண்டிய வடிவத்துச் சில்லைப் பெயர்க்கும் முறை. செய்யும் முன்பே முடிவை மனதில் பார்த்தவர்கள் வேலை. மண் மணிகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தன என்று கணக்கிடும் ஒளிர்வு முறையில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் அளந்தபோது, இந்த மாற்றம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது தெரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து நம் இனம் வெளியேறியபோது இந்த நுட்பத்தையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது என்ற பழைய கணக்கு இதில் ஆட்டம் கண்டது. செய்தவர்கள் யார்? எலும்பு கிடைக்கவில்லை. அக்ரோத்திரியில் வீடு இருந்தும் ஆள் இல்லை, அத்திரம்பாக்கத்தில் கருவி இருந்தும் ஆள் இல்லை.

எரிமலை வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு கிளைப்பாதை. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவில் தோபா எரிமலை வெடித்தது. சாந்தோரினி வெடிப்பு அதன் முன் பொடி. அதன் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி இந்தியா முழுக்கக் கொட்டியது. ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் அந்தச் சாம்பலைத் துலக்கும் பொடிக்காக வெட்டியெடுத்த குழிகளில்தான் ரவி கோரிசெட்டரும் மைக்கேல் பெட்ராக்லியாவும் அகழ்ந்தார்கள். சாம்பலுக்குக் கீழேயும் கருவிகள், மேலேயும் ஏறக்குறைய அதே மாதிரிக் கருவிகள்: 2007-இல் அவர்கள் வெளியிட்டது இது. அத்தனை பெரிய வெடிப்பிலும் இங்கிருந்தவர்கள் பூண்டோடு அழிந்துவிடவில்லை என்பது அதன் பொருள். தோபாவின் வாய் இன்றைக்கு 100 கிலோமீட்டர் நீள ஏரி; நடுவில் சமோசிர் தீவு. பக்கத்து மேடான் நகரத்தில் 1884-இல் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. எரிமலைத் தீவுக்குத்தான் போவேன் என்றால் என் ஓட்டு சாந்தோரினிக்கு இல்லை, அதற்கே.

வண்டியைக் கிழக்கே திருப்புங்கள். வழியில் திருத்தணிச் சாலையில் பட்டறைப்பெரும்புதூர். மாநிலத் தொல்லியல் துறை 2015-16-இல் அகழ்ந்த இடம். அதைத் தாண்டினால் ஆறு மெல்ல மெல்லத் தொழிற்பேட்டைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளை வடக்கே விட்டுவிட்டு அத்திப்பட்டுக்கு வந்தால் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும். இங்கேதான் திருவள்ளூரின் சொந்த எரிமலைச் சாம்பல் இருக்கிறது.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரியாத கனிமம். கொதிகலன் வெப்பத்தில் அது உருகி, புகையோடு பறந்து, சட்டென்று ஆறிக் கண்ணாடியாகிறது. எரிமலைக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. நுண்ணோக்கியில் எரிமலைச் சாம்பல் கூரான சில்லாகத் தெரியும். அனல்மின் சாம்பல் வழுவழுப்பான உருண்டையாகத் தெரியும். வேலை ஒன்றுதான். சிமெண்டில் தண்ணீர் சேரும்போது வலுவில்லாத சுண்ணாம்பு கொஞ்சம் மிஞ்சும். சாம்பலில் இருக்கும் கண்ணாடிச் சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து அதையும் பசையாக்கிவிடும். உப்பு நீர் எளிதில் ஊடுருவாது. சூயஸ் கால்வாய்க்காரர்கள் சாந்தோரினி மண்ணைக் கப்பலேற்றியது இதற்குத்தான். இன்றைக்குக் கொத்தனார்கள் ‘பிபிசி’ (PPC) என்று கேட்டு வாங்கும் சிமெண்ட் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை இந்தச் சாம்பல் இருக்கலாம்.

மூட்டைக்குப் போகிற சாம்பல் நல்ல சாம்பல். போகாதது குட்டையில் நிற்கிறது. குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்ததும், எண்ணூர் மீனவர்கள் போராடியதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனதும் ஊரறிந்த செய்தி. இறால் பிடிக்கும் சேற்றின் மேல் சாம்பல் படிந்தால் கால் வைத்தவுடனே தெரியும். சேறு வழுக்கும், சாம்பல் இறுகும். ஆற்றின் மேல்முனையில் களிமண் 15 லட்சம் ஆண்டு காத்து வைத்தது. கீழ்முனையில் ஒரு தலைமுறைக்குள் நாம் ஒரு அடுக்கு போட்டுவிட்டோம்.

மேல்முனைக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. தொழிற்பேட்டைக்கு மேடு போட, சாலைக்குத் தளம் போட, லாரி லாரியாகச் சரளையும் சவுடும் இந்த மாவட்டத்திலிருந்துதான் போகிறது. கற்காலக் கருவிகள் இருப்பதும் அதே சரளையில்தான். ஃபூட்டுக்குப் பல்லாவரத்தில் வழி காட்டியது சரளைப் பள்ளம், வாஸ்தவம். அன்றைக்கு மண்வெட்டியால் தோண்டினார்கள், குனிந்து பார்க்க நேரம் இருந்தது. ஜேசிபி வாளிக்குள் ஒரு கைக்கோடரி வந்தால் யார் பார்ப்பது? சரளை எடுக்க அனுமதி கொடுக்குமுன் தொல்லியல் துறை ஒருமுறை அந்த இடத்தை நடந்து பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால்கூடப் பாதி காப்பாற்றலாம்.

போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அத்திரம்பாக்கத்திலோ குடியம் பாதையிலோ செதுக்கிய கல் கண்ணில் பட்டால் வீட்டு அலமாரிக்கு எடுத்து வராதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பூண்டி அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத கல்லுக்கு எந்த ஆய்வகத்திலும் சரியான வயது சொல்ல முடியாது.