எனக்கும் பாயசம்!

கல்யாணப் பந்தியில் யாராவது ஒருவர், "இன்னும் கொஞ்சம் பாயசம்" என்று கேட்டுவிட்டால் போதும். "எனக்கும்", "எனக்கும்" என்று வரிசை முழுவதும் குரல் கிளம்பும். வாளியும் கையுமாக நிற்பவர் கூலிக்குப் பரிமாறுகிறவர் அல்ல, பெண் வீட்டாருக்கு வேண்டியவர் என்பது அந்தச் சமயத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது?

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படி ஒரு பந்தி உண்டு. திறந்த மூல மென்பொருளை எவரும் எடுத்து உபயோகிக்கலாம், திருத்தவும் செய்யலாம். அதைப் பராமரிப்பவர்களில் பலர் பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, இரவில் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். குறைகளையும் கோரிக்கைகளையும் எழுத ஒரு பொதுப் பதிவேடு இருக்கும். "இந்த வசதி வேண்டும்" என்று ஒருவர் எழுதினால், அதன் அடியில் "+1", "+1" என்று வரிசையாக எழுதுவார்கள். "எனக்கும் பாயசம்" என்பதற்கு அந்த ஊர்ப் பாஷை அது! ஒவ்வொரு "+1"க்கும் பராமரிப்பவருக்கு ஓர் அறிவிப்பு போகும். நடுவே யாரோ எழுதிய உருப்படியான யோசனை அதில் புதைந்தே போகும்.

இத்தகைய பதிவேடுகள் ஏராளமாக இருக்குமிடம் கிட்ஹப். 2016 ஜனவரியில் பராமரிப்பாளர்கள் ஒன்றுகூடி, அந்த நிறுவனத்துக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். "+1" தொல்லை ஒழிய வாக்களிக்க ஒரு வழி வேண்டும். விவரமே இல்லாமல் குறை எழுதுகிறவர்களுக்கு ஒரு படிவம் வேண்டும் என்பவை அவர்கள் கேட்டவற்றில் சில. வேடிக்கை என்னவென்றால், முன்பே விண்ணப்பித்துப் பார்த்தும் சரியான பதில் வரவில்லை என்பதுதான் அவர்களுடைய பெரிய மனத்தாங்கல். கோரிக்கைகளில் மூழ்கிக் கிடந்தவர்களே கோரிக்கையாளர்களாகிக் காத்துக் கிடந்தார்கள், பாவம்!

கிட்ஹப் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கொண்டது. பிப்ரவரியில் படிவம் வந்தது. மார்ச்சில், ஒரு சொல்கூட எழுதாமல் கட்டைவிரல் படத்தைத் தட்டி ஆதரவு தெரிவிக்கும் வசதி வந்தது. கூச்சல் போய் எண்ணிக்கை வந்தது.

விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற மென்பொருளின் குழுவினர் இந்த எண்ணிக்கையைக் கொண்டே ஒரு விதி செய்தார்கள். பரிசீலனைக்கு எடுத்த கோரிக்கைக்கு 60 நாள் கெடு. அதற்குள் 20 பேர் ஆதரவு சேர வேண்டும். சேராவிட்டால் இயந்திரமே காரணத்தைச் சொல்லிக் கோரிக்கையை மூடிவிடும். கேட்டவருக்கு முகம் சுண்டத்தான் செய்யும். ஆனாலும் "பார்க்கலாம்" என்ற பதிலை நம்பி வருஷக்கணக்கில் காத்திருப்பதைவிட இது தேவலை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு சந்தேகம்: கண் பார்வை இல்லாதவர்களுக்கு மட்டும் தேவைப்படும் ஒரு வசதிக்கு 20 கை எங்கிருந்து வரும்? அந்த இடத்தில் எண்ணிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு, மனிதர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

கட்டைவிரல் வந்து இத்தனை வருஷமாகியும், சிலர் இன்னும் கோரிக்கையின் அடியில் "+1" என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.