மங்கலான படம் போதுமா?

கதிர்வீச்சுச் சிகிச்சை அறையின் கணினித் திரையைக் காண நேரும் உறவினர் சிலர், "முதலில் எடுத்த சி.டி. படம் தெளிவாக இருந்ததே. இது ஏன் புகை படிந்தாற்போல் இருக்கிறது? இதை நம்பியா கதிரைச் செலுத்துகிறீர்கள்?" என்று வினவுவதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. தாமிரபரணியின் வண்டல் கரையை நகர்த்திவிட்டது. உடலுக்குள்ளும் இடங்கள் மாறும். அதற்கு நூற்றாண்டுகள் வேண்டா. சிறுநீர்ப்பை நிரம்பினால் கருப்பை நகரும். மலக்குடலில் வாயு சேர்ந்தால் புரோஸ்டேட் சுரப்பி நகரும். ஆகவேதான் திட்டமிட்ட நாளின் படத்தோடு நில்லாமல், சிகிச்சைப் படுக்கையிலேயே மீண்டும் படம் எடுக்கிறோம். டேவிட் ஜாஃப்ரே குழுவினர் 2002இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர்.

வழக்கமான சி.டி. கருவி மெல்லிய விசிறி போன்ற கற்றையால் உடலைத் துண்டு துண்டாகப் படம்பிடிக்கிறது. சிகிச்சை இயந்திரமோ அகன்ற கூம்புக் கற்றையைப் பாய்ச்சுகிறது. உடலில் பட்டுச் சிதறும் கதிர்களும் உணர்பலகையில் விழுவதால் படம் மங்குகிறது. பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் 12 முதல் 20 முறை மூச்சு விட்டிருப்பீர்கள். குடலும் சும்மா இருப்பதில்லை. பருத்த உடலில் சிதறல் இன்னும் மிகும். உலோகம் இருந்தால் கோடுகள் பாயும்.

ஆயினும் எலும்பின் விளிம்பும் சிறுநீர்ப்பையின் எல்லையும் தெரிந்தால், முதற்படத்தின்மேல் இதைப் பொருத்தி, படுக்கையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தலாம். இப்படத்தின் பணி அதுவே. கட்டி கரைந்ததா என்பதை இதைக்கொண்டு முடிவு செய்வதில்லை. திரையைப் பார்த்து மகிழவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா.

எங்களால் சரிசெய்ய இயலாதவை சில உள. ஏரல், திருவைகுண்டம் பக்கமிருந்து பேருந்தில் வருவோர் வழியில் அவதிப்பட நேருமென்று தண்ணீர் குடிக்காமலே வந்துவிடுகின்றனர். இடுப்புப் பகுதிச் சிகிச்சையில் அதனால் படம் பொருந்தாது. இறக்கிவிட்டு, நீர் அருந்தச் செய்து, காத்திருக்கச் சொல்வோம். வீட்டிலிருந்து குடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. இங்கு வந்து, சொல்லும் அளவு சொல்லும் நேரத்தில் குடியுங்கள். வெள்ளி அரைஞாணைக் கழற்றிவிடுங்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாலன்றிப் பிடிக்காதீர்கள். உடல் மெலிந்து முகமூடி தளர்ந்திருந்தால், படத்தில் நாங்கள் காணும்வரை காத்திராமல் அன்றே சொல்லுங்கள்.