ஸ்பானிஷ் வினைச்சொல்லுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் எடுத்திருக்கும் வீடுகளில் ஒரு கட்டம் வரும். நிறம், பழம், வணக்கம் என்று ஜாலியாகப் போய்க்கொண்டிருந்த பாடம் வினைச்சொல் அட்டவணையில் வந்து முட்டி நிற்கும். எங்கள் வீட்டில் இது ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு வந்தது. எட்டாவது படிக்கும் மகளுக்குப் பரீட்சை. டெக்சாஸில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கும் மனைவிக்கு, தினமும் கவுன்ட்டருக்கு வரும் மெக்சிகோ பாட்டிமார்.

மனைவியின் விஷயத்தில் விளையாட்டு கிடையாது. 'தோமார்' என்றால் எடுத்துக்கொள்வது. மாத்திரை சாப்பிடுவதற்கும் அதே சொல்தான். 'தோமோ' என்றால் நான் சாப்பிடுகிறேன். அதையே கடைசி எழுத்தை அழுத்தி 'தொமோ' என்றால் அவர் சாப்பிட்டார். 'தோமா' என்றால் சாப்பிடுகிறார், 'தோமே' என்றால் சாப்பிடுங்கள். முதல் இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம், கடைசி உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். மருந்தின் அளவு, ஒவ்வாமை என்று வந்தால் ஃபோனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுவிடுவார். ஆனால் "காலை மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பதற்கும் அந்தப் பதிலைப் புரிந்துகொள்வதற்கும் வினைச்சொல் கையில் இருக்க வேண்டுமே.

நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. "சாப்பிட்டேன்" என்றால் போதும், "நான்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யார், எப்போது இரண்டும் வினையின் வாலிலேயே இருக்கிறது. ஸ்பானிஷும் அப்படியேதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இது விசித்திரமாகப் படும். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்குப் படக்கூடாது. மகளிடம் "போ என்பது போனேன் ஆகிறது, வா ஏன் வானேன் ஆகவில்லை?" என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். அதற்கு அப்புறம் ஸ்பானிஷின் ஒழுங்கற்ற வினைகள்மீது அவளுக்கு அத்தனை கோபம் இல்லை.

சரி, புத்தகத்துக்கு வருவோம். வாங்குவதற்கு முன்னால் நூலகத்திலிருந்து மூன்றை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் இரண்டு வாரம் வைத்திருந்தோம். முதலாவது எல்லோருக்கும் தெரிந்த கிறிஸ்டோபர் கெண்ட்ரிஸின் '501 ஸ்பானிஷ் வெர்ப்ஸ்', பேரன்ஸ் வெளியீடு. அகர வரிசை, பக்கத்துக்கு ஒரு வினை, ஏழு தனிக் காலங்கள், ஏழு கூட்டுக் காலங்கள், ஆக 14 கட்டம். இரண்டாவது மெக்ராஹில் போட்ட 'பிக் ரெட் புக் ஆஃப் ஸ்பானிஷ் வெர்ப்ஸ்', 555 வினை. மூன்றாவது டோரதி ரிச்மண்டின் 'ஸ்பானிஷ் வெர்ப் டென்ஸஸ்'. இது அட்டவணைப் புத்தகமே அல்ல, பயிற்சிப் புத்தகம். காலம் காலமாகப் பிரித்து, எழுத இடம் விட்டு, பின்னால் விடையும் கொடுத்திருக்கிறார்கள்.

501-ஆ 555-ஆ என்று எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். என் தொழில் புத்திக்கு 501 பக்கம் என்பது ஒரு பெரிய லுக்-அப் டேபிள். அதில் பாதிக்குமேல் ஒரே ஃபங்ஷன் கொடுக்கும் விடைகள். புதிதாக வரும் வினைகள் எல்லாம் பெரும்பாலும் 'ஆர்' முடிவில்தான் சேருகின்றன. 'சாட்' செய்வதற்கு 'சாதேயார்' என்று ஒன்றை உண்டாக்கி, ஒழுங்கான வால்களை ஒட்டிவிட்டார்கள். ஒழுங்கானதைப் புத்தகத்தில் தேடவே வேண்டாம். விதிவிலக்கைப் புத்தகம் எப்படிக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு மூன்று வினைகளைத் திறந்து பாருங்கள். முதலில் 'தெனேர்', வைத்திருப்பது. தேங்கோ (தேங்காய் இல்லை!), தியேனெஸ், தூபே, தெந்த்ரே என்று காலத்துக்கு ஒரு வேஷம் போடும். இதைக் கற்றால் கொன்தெனேர், மாந்தெனேர், தெதெனேர் எல்லாம் இலவசம். "இவை இதன் குடும்பம்" என்று புத்தகம் சொல்கிறதா என்று பாருங்கள். அடுத்து 'புஸ்கார்', தேடுவது. 'தேடினேன்' என்பது 'புஸ்கே'. ஒலி மாறவே இல்லை, எழுத்துதான் மாறுகிறது. இதையும் ஒழுங்கற்ற வினை என்று குழந்தையைப் பயமுறுத்தும் புத்தகம் எனக்குப் பிடிக்காது.

மூன்றாவது 'தோர்மிர்', தூங்குவது. இங்கேதான் சிக்கல். "தூங்கினீர்களா?" என்பதற்கு 'துர்மியோ' என்று காதில் விழுகிறது. அகர வரிசையில் 'து'வில் தேடினால் கிடைக்காது, அது 'தோ'வில் இருக்கிறது. காதில் விழுந்த வடிவத்திலிருந்து மூல வினைக்குப் போக ஒரு தலைகீழ் அட்டவணை வேண்டும். 501-இன் பின்பக்கத்தில் அது இருக்கிறது. 'ஃபுயி' என்று பார்த்தால் 'இர்' (போவது), 'செர்' (இருப்பது) இரண்டையும் காட்டும். ஆமாம், "போனேன்", "இருந்தேன்" இரண்டுக்கும் அதே சொல்! இந்த ஒரு அட்டவணைக்காகவே 501-ஐ மன்னிக்கலாம்.

மன்னிப்பு எதற்கென்றால், நாங்கள் பார்த்த பதிப்பில் கட்டங்களில் நான், நீ, அவர் என்று எதுவும் போடவில்லை. ஒருமை இடது, பன்மை வலது, அவ்வளவுதான். இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது மரியாதை. ஸ்பானிஷில் 'தூ' நம் "நீ", 'உஸ்தேத்' நம் "நீங்கள்". ஆனால் உஸ்தேதுக்கு வினை "அவர்" வரிசையில் வரும். அது தெரியாமல் இரண்டாம் வரிசையைப் படித்துவிட்டு எழுபது வயதுப் பாட்டியை "நீ மாத்திரை போட்டியா?" என்று கேட்டால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தில் தோழர்களோடு பேச 'தூ' போதும். வேலைக்கு மூன்றாம் வரிசையும், பக்கத்தின் அடியில் போட்டிருக்கும் ஏவல் வடிவமும்தான் முக்கியம். 'போசோத்ரோஸ்' என்ற வரிசை ஸ்பெயினுக்கானது. மெக்சிகோ மக்களோடு பேச அது தேவையில்லை; பரீட்சைக்கு வேண்டுமா என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல் சால்வடோர், குவாத்தமாலா பக்கத்து மக்கள் 'போஸ்' என்று இன்னொரு "நீ" வைத்திருக்கிறார்கள். அது பல புத்தகங்களில் கிடையாது.

வெறும் அட்டவணைக்குக் காசு கொடுக்கவே வேண்டாம் என்றும் சொல்லலாம். ஸ்பெயினின் ராயல் அகாடமி 1713 முதல் இருக்கிறது. அதன் இணைய அகராதியில் வினைக்கு முழு அட்டவணை இலவசம், 'போஸ்' உட்பட. ஆனால் விளக்கம் எல்லாம் ஸ்பானிஷில். ஃபோனைத் திறந்த பிள்ளை அகராதியோடு நிற்குமா என்பது வேறு கதை.

கடைசியில் மகளுக்கு ரிச்மண்டின் பயிற்சிப் புத்தகம் வாங்கினோம். கையால் எழுதாமல் வால்கள் ஒட்டாது. மனைவி சிவப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார், அதிகம் புழங்கும் வினைகளுக்கு எதிர்ப்பக்கம் முழுக்க வாக்கியங்கள் இருப்பதால். வீட்டுக்கு ஒன்றுதான் என்றால் நான் 501-ஐச் சொல்வேன், பழைய பதிப்பாகவே வாங்குங்கள். வினைகள் மாறிவிடவில்லை, பழைய புத்தகக் கடையில் விலையும் குறைவு. மனைவி அதிலிருந்து இருபது வினைகளை மட்டும், மூன்றாம் வரிசையும் ஏவலும் மாத்திரம், அட்டையில் எழுதி வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்திருக்கிறார். 'தொமோ'வின் தலைக்கோடு சிவப்பு மையில் இருக்கிறது.