பாஸ்வேர்டு ரீசெட்டுக்கு இனி ஆள் வேண்டாம், அப்புறம்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் முழுக்க எனக்கு நைட் ஷிஃப்ட்தான். ஓஎம்ஆர்ல ஆபீஸ். அமெரிக்காவுல யாராவது பாஸ்வேர்டை மறந்தா, இங்க எனக்கு டிக்கெட் வரும். சர்வர்ல டிஸ்க் நிரம்பிடுச்சுன்னு அலர்ட் வரும், பழைய லாக் ஃபைல்களை அழிப்பேன். விடிஞ்சதும் கேப் பிடிச்சு வீட்டுக்கு.

இதுதான் மேனேஜ்டு சர்வீஸ். ஒரு கம்பெனி தன்னோட சர்வர், நெட்வொர்க், லேப்டாப் எல்லாத்தையும் பார்த்துக்கிற பொறுப்பை வெளியில ஒப்படைச்சிடுது. இதுல ரொம்ப காலமா தலைக்கு இவ்வளவுன்னு பில் போடுறது வழக்கம். ஆள் கூடினா வருமானமும் கூடும்.

இப்போ பாஸ்வேர்டை யூசரே மாத்திக்கிறார். டிஸ்க் நிரம்பினா ஒரு ஸ்கிரிப்ட் தானா ஓடி, டிக்கெட்டையும் மூடிடுது. "அப்போ இருபது பேருக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?"னு கிளையன்ட் கேட்கிறார். நியாயம்தானே? அதனால யூசருக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தம் மாறுது. டிக்கெட் குறையக் குறைய கம்பெனிக்கு லாபம். முன்னாடி அதுவே நஷ்டம்!

சரி, ஆளே வேண்டாமா? 2024 ஜூலை 19, நம்ம நேரப்படி காலை 9:39. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின பழுதான அப்டேட் ஒண்ணு தானாவே பரவுச்சு. 78 நிமிஷத்துல நிறுத்திட்டாங்க. ஆனா மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டுச்சு. மெஷின் பூட்டே ஆகலைன்னா ஸ்கிரிப்ட் எங்கே ஓடும்? பல இடங்கள்ல ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஒருத்தர் உட்கார்ந்து, சேஃப் மோடுல திறந்து, ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் போட்டிருந்தா 48 இலக்க ரிகவரி கீயை வேற டைப் பண்ணணும்.

சேஃப் மோடெல்லாம் நான் கத்துக்கிட்டது அந்த போரடிக்கிற ராத்திரிகள்லதான். இப்போ அந்த எல்1 வேலையே சுருங்குது.

போன வாரம் ஒரு ஃபைனல் இயர் தம்பி கேட்டான்: "அண்ணா, அப்போ நான் எங்கே ஆரம்பிக்கிறது?" லேப்டாப்புல ஒரு விர்ச்சுவல் மெஷின் போடு, வேணும்னே டிஸ்க்கை நிரப்பு, முதல்ல கையால சரி பண்ணு, அப்புறம் அதுக்கே ஸ்கிரிப்ட் எழுதுன்னு சொன்னேன். எங்க டீம்லயும் ஃபிரெஷர்களுக்கு, உடைச்சு உடைச்சுப் பழக ஒரு டெஸ்ட் சர்வர் கேட்டிருக்கேன். மேனேஜர் இன்னும் "பார்க்கலாம்"னுதான் சொல்றார்.