ஞாயிறு சாயங்காலம் "வெறிச்" தெரு! டி.வி. படத்துக்காக காலியான கொரட்டூர்

கொரட்டூர்-
போலீஸ் தடை இல்லை. பந்த்தும் இல்லை. ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் ஆனால் தெருவில் ஈ, காக்காய் இருக்காது! கொரட்டூர் ஹவுசிங் போர்டு பக்கம் 80-களில் குடியிருந்தவர்களுக்கு இது தெரியும். டி.வி.யில் தமிழ்ப்படம்!

சென்னை டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15-ந்தேதி ஆரம்பமானது. வெள்ளிக்கிழமை "ஒலியும் ஒளியும்". ஞாயிற்றுக்கிழமை முழுப்படம். பெரும்பாலும் பழைய படம்தான்.

செருப்புக் குவியல்

தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் பெட்டி. பாடி, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு அங்கே ஆஜர். பாய் போட்டு உட்கார வைத்த வீடும் உண்டு. ஜன்னலைச் சாத்திய வீடும் உண்டு. படத்துக்கு நடுவே செய்தி வரும். பெண்கள் அடுப்பைப் பார்க்க ஓடுவதும், வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் அப்போதுதான். காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டால் மாடிக்கு ஒரு பையன் ஓடணும். "இப்ப தெரியுதா?" "இன்னும் கொஞ்சம் திருப்புடா!"

பிற்பாடு ஜெயா டி.வி.யில் "திரும்பிப் பார்க்கிறேன்" வந்தது. பழைய டைரக்டர்கள், நடிகர்கள் தாங்களே உட்கார்ந்து அந்தக் கால ஷூட்டிங் கதைகளைச் சொன்னார்கள். பதிவானவரை லாபம்தான்.

முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்" வந்தது 1931-ல். இன்று ஒரு பிரிண்டு கூடக் கிடையாது. டைரக்டர் எச்.எம்.ரெட்டி 1960-ல் காலமானார். சென்னைக்கு டி.வி. வர அதன்பிறகு 15 வருஷம் ஆயிற்று. அவரை கேமரா முன் உட்காரவைத்துக் கேட்க வழியில்லாமல் போச்சு!