மின்சாரம் திரும்பும்போது வரும் ஆபத்து: கடல்நீர் மீன்தொட்டியும் கனிஸ்டர் வடிகட்டியும்

நீண்ட மின்வெட்டின்போது கடல்நீர் மீன்தொட்டிக்கு ஆபத்து இரண்டு தடவை வருகிறது. மின்சாரம் போகும்போது ஒன்று, திரும்பி வரும்போது மற்றொன்று. முதலாவதைப் பலரும் எதிர்பார்க்கிறார்கள். இரண்டாவது, தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் இருக்கும் கனிஸ்டர் வடிகட்டியிலிருந்து வருகிறது.

கனிஸ்டர் என்பது காற்றுப் புகாமல் மூடிய ஒரு கலன். தொட்டியிலிருந்து குழாய்வழியே இறங்கும் நீர் பஞ்சு, செராமிக் வளையங்கள், காபன் ஆகியவற்றைக் கடந்து, பம்பியால் மீண்டும் மேலே தள்ளப்படுகிறது. பஞ்சு கழிவைப் பிடிக்கும். வளையங்களில் வாழும் பற்றீரியாக்கள் மீன் கழிவிலுள்ள நச்சான அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இதற்கு ஒட்சிசன் தேவை.

நீரோட்டம் நின்றால் கலனுக்குள் இருக்கும் ஒட்சிசன் சில மணிநேரத்தில் தீர்ந்துவிடும். பற்றீரியாக்கள் மடியத் தொடங்கும், பஞ்சிலுள்ள கழிவு அழுகும். மின்சாரம் வந்ததும் பம்பி அந்த நீரை நேராகத் தொட்டிக்குள் தள்ளுகிறது. 60 லீற்றர் தொட்டியில் அதன் நச்சைக் கரைத்துத் தணிக்கப் போதிய நீர் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலானதை மறந்திருக்க மாட்டோம்.

எனவே மின்வெட்டு சில மணிநேரத்தைத் தாண்டினால், வடிகட்டியை இயக்கும் முன் திறந்து உள்ளிருக்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். பஞ்சையும் வளையங்களையும் தொட்டிநீரில் அலசிய பின்னர் பூட்டுங்கள். வெட்டு நீளும் என முன்பே தெரிந்தால் வளையங்களை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டுவைக்கலாம். பற்றரியில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பி ஒன்று கைவசம் இருக்கட்டும். அந்த நேரத்தில் உணவு போடாதீர்கள்.

சாதாரண நாட்களிலும் கவனம் வேண்டும். நன்னீர்த் தொட்டியில் பஞ்சை மாதக்கணக்கில் விட்டாலும் நைத்திரேற்றைத் தாவரங்கள் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். கடல்நீர்த் தொட்டியில் அது சேர்ந்துகொண்டே போகும். மீன்கள் தாங்கினாலும் பவள உயிரிகள் நலியும். ஆகவே வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ பஞ்சைக் கழுவ வேண்டும். நீர் மாற்றும்போது வாளியில் எடுத்த தொட்டிநீரே அதற்குப் போதும். குழாய்நீரிலுள்ள குளோரின் பற்றீரியாவைக் கொல்லும். மூடியின் இறப்பர் வளையத்தில் உப்புப் படிந்தால் நீர் கசியும் என்பதால் அதையும் துடைத்துவிடுங்கள்.

மூடிய கலனுக்குள் நீர் காற்றைத் தொடுவதில்லை. அதனால் வெளிவரும் குழாயை மேற்பரப்பு அலையும்படி திருப்பிவைக்க வேண்டும். ஆவியாகி நீர் குறையும்போது உப்பு அப்படியே நின்றுவிடும். எனவே குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். வலிகாமத்தில் பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று அதிகம் என்பது அறியப்பட்டதே. ஆர்.ஓ. நீர் பாதுகாப்பானது.

கோமாளி மீன் போன்ற சிலவற்றைத் தவிர, கடைகளில் விற்கப்படும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல, பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. தொட்டியில் ஒன்று இறந்தால், அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று கடலிலிருந்துதான் வரவேண்டும்.